வீட்டுக்கடியில ஓடுற ஆறு: சித்தப்பாவோட டென் பாஸ் பயணம்

2024 மே 9, வியாழன்: போய்ச் சேர்ந்த கதை

நெதர்லாந்துல இன்னைக்கு லீவு, இயேசு விண்ணேற்ற நாள். வெள்ளிக்கிழமையும் பாதிப் பேர் லீவு போட்டுடுவாங்க, அதனால ஊரே சுத்தக் கிளம்பிடும். ஊர்ல இருந்து சித்தப்பா வந்திருக்காரு. வர்றவங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போற ஆம்ஸ்டர்டாம், டியூலிப், காத்தாடி மில்லு எல்லாம் காட்டி முடிச்சாச்சு, மனுஷன் எதுக்கும் அசரல. பொதுப்பணித்துறைல மதகு, கலுங்கு, ஷட்டர்னே காலத்தை ஓட்டி ரிட்டயர் ஆனவரு. "பூவெல்லாம் சரிதாம்மா, இவங்க தண்ணியை எங்க நிறுத்துறாங்க, எங்க விடுறாங்க, அதைக் காட்டு"ன்னாரு. சரி, அதுக்கு தெற்கு நெதர்லாந்துல இருக்குற டென் பாஸ்ங்கற பழைய ஊருதான் லாயக்குன்னு முடிவு பண்ணி ரூம் போட்டேன்.

நாங்க இருக்குறது ஐந்தோவன்ல. வீட்டுல இருந்து நடந்தா டொம்மல் ஆறு வந்துடும். பெல்ஜியத்துல பொறந்து வர்ற ஆறு, நம்ம ஊர் வாய்க்கால் அகலம்தான் இருக்கும். அதே ஆறு வடக்க போயி டென் பாஸ்கிட்ட 'ஆ'ன்னு ஒரு ஆத்தோட சேருது (ஆமா, அவ்வளவுதான் பேரு). ரெண்டும் சேர்ந்தா அதுக்குப் பேரு டீஸ, கொஞ்ச தூரத்துலயே மாஸ் ஆத்துல போய் விழுந்துடும். இந்தத் தண்ணி டென் பாஸ் கோட்டைக்குள்ள பல கிளையா பூந்து வீடுகளுக்குக் கீழயும் கொல்லைப்பக்கமாவும் ஓடுது பாருங்க, அந்தக் கிளை மொத்தத்துக்கும் சேர்த்துதான் பின்னன்டீஸன்னு பேரு, ஊருக்குள்ள இருக்குற டீஸ. அதைப் பாக்கத்தான் வந்திருக்கோம்.

ஸ்டேஷனை விட்டு வெளிய வந்ததும் ஒரு தங்க டிராகன், தூண் உச்சில நின்னுட்டு இருக்கு, கீழ ஃபவுண்டன். இந்த ஊருக்கு ஒரு காலத்துல சதுப்பு டிராகன்னே பட்டப்பேர் இருந்துச்சாம், சுத்தி சேறும் தண்ணியுமா இருந்ததால எவனும் நெருங்க முடியலையாம். அந்தக் கதை சனிக்கிழமைக்கு வரும். வெயில் நல்லா அடிச்சுது, 20 டிகிரி இருக்கும், வெள்ளைக்காரங்க எல்லாம் அரை டிரவுசர்ல சட்டை பட்டனைத் திறந்து விட்டுட்டு வெயில்ல காயுறாங்க, நடுவுல எங்க சித்தப்பா மட்டும் ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர், தலையில மங்கி கேப். போறவங்க வர்றவங்க எல்லாரும் அவரைப் பாத்து "ஹோய்"னு சொல்லிட்டுப் போனாங்க. ஆம்ஸ்டர்டாம்ல இது நடக்கவே நடக்காது. தெற்குப் பக்கத்து ஆளுங்க, பிராபாண்ட் மாகாணத்துக்காரங்க, கொஞ்சம் கலகலப்புன்னு ஆஃபீஸ்ல சொல்லுவாங்க, உண்மைதான் போல.

சாயங்காலம் ஆய்லன்பர்க்னு ஒரு பகுதி, தண்ணியை ஒட்டியே சாப்பாட்டுக் கடைங்க. வியாழக்கிழமை சித்தப்பா கவுச்சி தொடமாட்டாரு. இப்ப வெள்ளை ஆஸ்பரகஸ் சீசன், எந்தப் போர்டுலயும் அதான். சூப் சொன்னோம், 9 யூரோ. நல்லா வெண்ணெய் மணக்க வந்துச்சு, ரெண்டு ஸ்பூன் கலக்கினா அடியில சின்னச் சின்னதா ஹாம் துண்டு, பன்னிக்கறி. இங்க ஆஸ்பரகஸ்னாலே ஹாமும் முட்டையும் கூட வந்துடும். பரிமாறின பொண்ணு மூஞ்சி செவந்துபோச்சு, மூணு தடவை சாரி சொல்லிட்டு வேற கொண்டாந்துச்சு, பில்லுலயும் சூப்பைப் போடல. சித்தப்பா அந்தப் பொண்ணைச் சமாதானப்படுத்துறாரு, "நோ ப்ராப்ளம்மா, நோ ப்ராப்ளம்"னு. சாப்பிட்டு முடிச்சும் எந்திரிக்கல, எதிர்ச் சுவரையே பாத்துட்டு இருந்தாரு. வீட்டுச் சுவர் நேரா தண்ணிக்குள்ள இறங்குது, நடுவுல கரையே இல்ல. "அஸ்திவாரம் எங்கம்மா?"ன்னாரு. நாளைக்குப் படகுக்காரர்கிட்ட கேளுங்கன்னு சொல்லி கூட்டிட்டு வந்தேன்.

2024 மே 10, வெள்ளி: படகு

மோலன்ஸ்ட்ராட்னு ஒரு தெரு, அங்கதான் படகு ஏறணும். டிக்கெட் ஆளுக்கு பன்னெண்டு பதிமூணு யூரோ. மோட்டார் சத்தமே இல்லாத பேட்டரிப் படகு, கூரை கிடையாது, தாழ்வா இருக்கு, காரணம் கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுது. ஓட்டுறவங்க எல்லாருமே தன்னார்வலர்கள், சம்பளம் இல்ல. எங்க படகுக்காரருக்கு எழுபதுக்கு மேல இருக்கும், டச்சுல ஒரு பாரா பேசிட்டு எங்களைப் பாத்து இங்கிலீஷ்ல ரெண்டு வரி. போகப் போக சித்தப்பா கேட்ட கேள்வியில இங்கிலீஷ் பாரா நீண்டுக்கிட்டே போச்சு, டச்சு வரி குறைஞ்சுக்கிட்டே போச்சு, மத்த ஆளுங்க ஒண்ணும் சொல்லல, சிரிச்சாங்க.

முதல் வளைவு வந்ததும் "தலை!"ன்னாரு. எல்லாரும் மடங்கினாங்க. சித்தப்பா மடங்கல, அண்ணாந்து செங்கல் கட்டைப் பாக்குறாரு. "சித்தப்பா குனிங்க"ன்னு நான் இழுத்தேன், தலை தப்பிச்சுது, மங்கி கேப் போயிடுச்சு. படகுக்காரர் அசால்ட்டா ஒரு கொக்கிக் கம்பை எடுத்து தண்ணில இருந்து தூக்கி, பிழிஞ்சு, மடியில வெச்சாரு. தினமும் ஒண்ணு எடுக்குறாராம்.

உள்ள போனா வேற உலகம். வெளிய வெயில், இங்க சில்லுனு ஈரக்காத்து, பாதி இருட்டு, மேல அரைவட்டமா செங்கல் வளைவு, அந்த வளைவுக்கு மேல யாரோ ஒருத்தர் வீடு. நம்ம தலைக்கு நேரா மேல ஒருத்தர் சமைச்சுக்கிட்டு இருப்பாங்க, துணிக்கடை இருக்கும், பார்க்கிங்கா கூட இருக்கலாம். செங்கலை உத்துப் பாத்தா ஒரு மாதிரியே இல்ல. பத்தடிக்கு ஒரு கலர், ஒரு சைஸ். ஒரு இடத்துல தடிச்ச பெரிய கல்லு, கருத்துப்போய் ஓரமெல்லாம் உருண்டிருக்கு, உடனே அடுத்து மெல்லிசான செவப்புக் கல்லு, நடுவுல கோடு போட்ட மாதிரி ஜாயின்ட். மேல இருக்குற வீட்டுக்காரன் அவனவன் வசதிக்கு அவனவன் கட்டின வளைவு, அதான் வீட்டுக்கு வீடு மாறுது. சித்தப்பா கையை நீட்டி கல்லு இடுக்கைச் சுரண்டிப் பாத்தாரு, "சுண்ணாம்புக் காரைம்மா, சிமென்ட் இல்ல"ன்னு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை டியூலிப் தோட்டத்துல நான் பாக்கல.

ஏன் ஆத்து மேல வீடு கட்டினாங்கன்னா, இடம் இல்ல. 1185ல பிராபாண்ட் கோமகன் முதலாம் ஹென்ரி இந்த ஊருக்கு நகர உரிமை கொடுத்திருக்காரு. சதுப்புக்கு நடுவுல கொஞ்சம் மேடான மணல் திட்டு, அதுல ஊரு. சுத்தி மதில் கட்டினாங்க. வியாபாரம் பெருகி ஜனம் பெருகிச்சு, மதிலுக்கு வெளிய போனா சேறு, உள்ள இருந்தா நெருக்கடி. அதனால ஆத்து மேலயே வளைவு கட்டி மூடி வீட்டை நீட்டிக்கிட்டாங்க. அந்த ஆறுதான் அவங்களுக்கு எல்லாமே. சரக்குப் படகு வந்துச்சு, பீர் காய்ச்சினாங்க, தோல் பதனிட்டாங்க, ஒரு கிளைக்கு ஃபெர்வெர்ஸ்ஸ்ட்ரோம்னு பேரு, சாயக்காரங்க ஓடை. எல்லாருக்கும் மேல கக்கூஸும் அங்கதான். சுவர்ல ஒரு சின்ன சதுர ஓட்டையைக் காட்டி "இது என்னன்னு நினைக்கிறீங்க?"ன்னு படகுக்காரர் கேட்டாரு, யாரும் பதில் சொல்லல, சித்தப்பா மட்டும் டக்குனு மூக்கைப் பொத்திக் காட்டினாரு, படகே சிரிச்சுது. பீரும் கக்கூஸும் ஒரே தண்ணில. யோசிச்சுப் பாக்காதீங்க.

அஸ்திவாரக் கேள்வியையும் மறக்காம கேட்டுட்டாரு. வீட்டுச் சுவரே ஆத்துக்குக் கரையாவும் நிக்குதாம், தண்ணிக்கடியிலயே அது கீழ இறங்கிப் போகுது. அதனாலதான் ரிப்பேர் வந்தப்ப அவ்வளவு கஷ்டம்.

அந்த ரிப்பேர் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1960கள் வரைக்கும் கழிவுத் தண்ணி நேரா இதுக்குள்ளதான் விழுந்துட்டு இருந்திருக்கு. வளைவெல்லாம் இடிஞ்சு விழுது, கோடையில ஊரே நாறுது. நகராட்சிக்கு ஒரே யோசனை: மூடிடு. அந்தக் காலத்து ஃபேஷன் அது, எல்லா ஊர்லயும் ஆத்தை மூடி ரோடு போட்டு கார் விடுறதுதான் முன்னேற்றம். 1964ல போட்ட திட்டத்துல பழைய தெருக்களை இடிச்சு காருக்கு அகல ரோடு, ஆத்துக்கு மண்ணு. சில கிளைகளை நிஜமாவே மூடிட்டாங்க. நேத்து நாங்க சூப் சாப்பிட்ட ஆய்லன்பர்க் கூட அப்ப ஏழைங்க குடியிருந்த இடிஞ்ச ஏரியாதான், இப்ப அங்க ஒரு காபி குடிக்கணும்னா யோசிக்கணும்.

ஜனங்க எதிர்ப்புக் காட்டினாங்க, வரலாறு தெரிஞ்சவங்க குரல் கொடுத்தாங்க, ஆனா என்னைக் கேட்டா ஆத்தைக் காப்பாத்தினது பாதி சோம்பேறித்தனம்தான். திட்டம் வேகமா நடந்திருந்தா 1970க்குள்ள எல்லாம் ரோடு ஆகியிருக்கும். இழுத்து இழுத்து 1972 வந்துடுச்சு, பழைய நகரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அரசாங்கம் அறிவிச்சுடுச்சு, அதுக்கப்புறம் கை வைக்க முடியல. 1973ல ஊர்க்காரங்க சேர்ந்து ஒரு நண்பர்கள் சங்கம் ஆரம்பிச்சாங்க, இன்னைக்குப் படகு ஓட்டுறது அவங்கதான். ஒவ்வொரு வளைவா, ஒவ்வொரு சுவரா சரிபண்ணி முடிக்க 1998 ஆயிடுச்சு, கிட்டத்தட்ட 25 வருஷம். ஒரு காலத்துல 12 கிலோமீட்டர் ஓடினது, இப்ப மிச்சம் சுமார் 4.

சித்தப்பாவுக்கு கடைசியா ஒரு கேள்வி: "வண்டல் யார் எடுக்குறா?" படகுக்காரர் ஒரு நிமிஷம் அவரைப் பாத்தாரு. "ஐயா, இத்தனை வருஷத்துல இதை யாரும் கேட்டதில்ல"ன்னாரு. தூர் வாரினா மட்டும் போதாதாம், வாரின சேத்தை எங்க கொட்டுறதுங்கறதுதான் தலைவலியாம். டொம்மலுக்கு மேல, பெல்ஜியம் எல்லைப் பக்கத்துல துத்தநாக ஆலைகள், அங்க இருந்து காட்மியம்ங்கற விஷ உலோகம் வந்து வருஷக்கணக்கா சேத்துல படிஞ்சிருக்கு. இறங்கும்போது ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மென்ட் ஆளுங்க மாதிரி கை குலுக்கினாங்க.

மத்தியானம் பாஸ்ஸ பொல். இந்த ஊரோட பெருமை, கிரிக்கெட் பந்தை விடப் பெருசா ஒரு உருண்டை, உள்ள முழுக்க விப்பிங் க்ரீம், மேல கெட்டியா சாக்லேட். ஒண்ணு மூணரை யூரோ கிட்ட. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில பெரிய க்யூ. ஃபோர்க்கால குத்தினா க்ரீம் பின்பக்கமா பிதுங்கி சட்டையில விழும், பக்கத்து டேபிள் பாட்டி வந்து தலைகீழா திருப்பிப் போட்டு வெட்டணும்னு செஞ்சே காட்டிட்டுப் போச்சு. சித்தப்பா தீர்ப்பு: "இனிப்பே இல்லையேம்மா இதுல." சொல்லிட்டு ரெண்டாவது வாங்கினாரு.

ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் தூங்கிட்டோம். காலைல எந்திரிச்சா ஃபோன் முழுக்க பிங்க்கும் பச்சையுமா வானம், நெதர்லாந்து பூரா நார்தர்ன் லைட்ஸ் தெரிஞ்சிருக்கு, ஐந்தோவன்ல எங்க அபார்ட்மென்ட் பால்கனியில இருந்து கூட ஒருத்தர் எடுத்துப் போட்டிருக்காரு. வயித்தெரிச்சல்.

2024 மே 11, சனி: மதில், சேறு, 1629

சனிக்கிழமை நடு ஊர்ல சந்தை. சீஸ், மீன், பூ, பத்து யூரோவுக்கு செருப்பு, எல்லாம் இருக்கு. நடுவுல ஓவியர் ஹீரோனிமஸ் பாஸ் சிலை. நரகத்தை அவ்வளவு பயங்கரமா வரைஞ்ச மனுஷன் இந்தச் சதுக்கத்துலதான் வாழ்ந்திருக்காரு, 1516ல இறந்தாரு. சின்னப் பையனா இருந்தப்ப 1463ல ஊர்ல பெரிய தீ விபத்து, ஆயிரக்கணக்குல வீடு எரிஞ்சுது, அதனாலதான் படத்துல எல்லாம் பின்னாடி ஊர் எரியுதுன்னு சொல்லுவாங்க. இருக்கலாம். 2016ல அவரோட 500வது நினைவு வருஷக் கண்காட்சிக்கு நாலு லட்சத்துக்கும் மேல ஆளுங்க வந்திருக்காங்க. மீன் கடையில யாருக்கும் அதைப் பத்திக் கவலை இல்ல, யூரோவிஷன் பாட்டுப் போட்டியில இருந்து நெதர்லாந்து பாடகரை வெளிய அனுப்பிட்டாங்கன்னு கொந்தளிச்சுட்டு இருந்தாங்க. ஹெர்ரிங் வாங்கினேன், வெங்காயம் போட்டு பச்சையா. சித்தப்பா தூரமா போய் நின்னுக்கிட்டாரு.

தெற்கு மதில் மேல நடந்தா ஒரு பக்கம் ஊரு, இன்னொரு பக்கம் படார்னு வெறும் புல்வெளி, தண்ணி, மாடு. பாஸ்ஸ ப்ரூக்னு பேரு. நகரத்துக்கு நடுவுல நின்னுட்டு இருந்த ஆளு ரெண்டு எட்டு வெச்சா சதுப்பு. கீழ இறங்கினோம். போன அக்டோபர்ல இருந்து இந்த நாட்டுல விடாம மழை, இந்த ஒரு வாரம்தான் வெயில், மேல காஞ்ச மாதிரி தெரியுற பாதை கீழ களி. என் வலது கால் ஷூவோட உள்ள போச்சு, கால் மட்டும் வெளிய வந்துச்சு. நாய் கூட்டிட்டு வந்த ஒரு ஆளு ஒண்ணுமே பேசாம மண்டி போட்டு, கையை விட்டு ஷூவை உருவி, புல்லுல துடைச்சுக் கொடுத்துட்டு, "வெல்கம் டு ப்ராபாண்ட்"ன்னுட்டுப் போனாரு.

இந்தச் சேறுதான் டிராகன். ஸ்பெயின் கையில இருந்த ஊரை டச்சுக்காரங்களால பிடிக்கவே முடியல, பீரங்கியை இழுத்துட்டு வர தரை இல்ல. 1629ல இளவரசர் ஃப்ரெடெரிக் ஹென்ட்ரிக் வந்தாரு, 28,000 பேரோட. அவரு முதல்ல மதிலைத் தொடல, தண்ணியைத் தொட்டாரு. ஊரைச் சுத்தி சுமார் 40 கிலோமீட்டர் கரை போட்டாங்க. டொம்மலையும் ஆ-வையும் அணை போட்டுத் திருப்பி ஊரைச் சுத்திக்கிட்டுப் போக வெச்சாங்க. கரைக்கு உள்பக்கம் மாட்டிக்கிட்ட தண்ணியை மில்லு வெச்சு இறைச்சு வெளிய ஊத்தினாங்க. தரை காஞ்சதும் பதுங்குகுழி வெட்டிக்கிட்டே மதில் வரைக்கும் வந்துட்டாங்க. ஸ்பெயின்காரங்க கவனத்தைத் திருப்ப வடக்கே ஆமர்ஸ்ஃபோர்ட் வரைக்கும் பூந்தாங்க, அதுக்குள்ள டச்சுப் படை அவங்க சாமான் கிடங்கு இருந்த வேஸல் ஊரைப் பிடிச்சுடுச்சு. செப்டம்பர் 14, ஊரு சரணடைஞ்சுது. எத்தனை வருஷம் காவல் காத்த தண்ணி, ஒரு கோடைக்குள்ள எதிரி பக்கம் போயிடுச்சு.

நான் இதைச் சொல்லி முடிச்சதும் சித்தப்பா கேட்டது: "40 கிலோமீட்டர் கரை, மண்ணு எங்க இருந்து எடுத்தான்? பக்கத்துலயே வெட்டியிருப்பான், அதுவே வாய்க்கால் ஆயிருக்கும்." யாரு செத்தா யாரு ஜெயிச்சான்னு ஒரு வார்த்தை இல்ல.

இன்னொண்ணு அவருக்கு ரொம்பப் பிடிச்சுது. 1874ல சட்டம் போட்டு நாடு முழுக்கக் கோட்டை மதிலை இடிக்க அனுமதி கொடுத்தாங்க, மத்த ஊர்ல எல்லாம் சந்தோஷமா இடிச்சாங்க. இங்க இந்தப் பக்கத்து மதிலை இடிக்கல. எதிரிக்காக இல்ல, வெள்ளத்துக்காக. மாஸ் ஆத்துல தண்ணி ஏறினா கிழக்க பேர்ஸ்ங்கற ஊர்ப்பக்கம் கரையை வேணும்னே தாழ்வா விட்டிருந்தாங்க, மிச்சத் தண்ணி அது வழியா வழிஞ்சு வயல் எல்லாம் மூழ்கி டென் பாஸ் வரைக்கும் வரும். "கலுங்கு!"ன்னு கத்திட்டாரு சித்தப்பா. கலுங்கேதான். குளிர்காலம் வந்தா இந்த ஊரு தீவு. 1942லதான் அதை நிரந்தரமா மூடினாங்க. அப்படியும் 1995 ஜனவரி கடைசில மாஸ் நிரம்பி, டொம்மலும் ஆ-வும் வடிய வழி இல்லாம பாஸ்ஸ ப்ரூக் நிரம்பி, பக்கத்துல போற ஏ2 ஹைவே தண்ணிக்குள்ள போயிடுச்சு. நாங்க நின்ன இடத்துல இருந்தே அந்த ஹைவே தெரிஞ்சுது, லாரி வரிசையா போயிட்டு இருந்துச்சு.

சாயங்காலம் செயின்ட் ஜான் பெரிய கோயில். வெளிய தாங்கு வளைவு மேல வரிசையா சின்னச் சின்ன உருவம், மொத்தம் 96, குதிரை ஏறுற மாதிரி உக்காந்திருக்கு. 2011ல புதுசா வெச்ச தேவதைச் சிலை ஒண்ணு ஜீன்ஸ் போட்டுக்கிட்டு செல்ஃபோன்ல பேசுது. ஒரே பட்டன்தானாம் அதுல, நேரா கடவுளுக்கு. என் கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம், சித்தப்பாதான் முதல்ல கண்டுபிடிச்சாரு.

2024 மே 12, ஞாயிறு: பஸ்ஸுல திரும்பினது

இருபது நிமிஷ ரயில். ஆனா இன்னைக்கு ரயில் இல்ல, தண்டவாள வேலையாம், பதிலுக்கு பஸ். ஸ்டேஷன் வாசல்ல அன்னையர் தினப் பூங்கொத்தோட நூறு பேர், ரெண்டு பஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஏசி வேலை செய்யல. பக்கத்து சீட்டு அம்மா சொன்னாங்க, இதெல்லாம் பரவால்ல, 2023 மார்ச்ல இதே லைன்ல எஸ் கிராமத்துக்கிட்ட பேட்ஜருங்க தண்டவாளத்துக்கடியில வளை தோண்டிடுச்சு, வாரக்கணக்குல ரயில் இல்லைன்னு. அந்த மிருகத்தைத் தொடக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதனால பக்கத்துலயே அதுக்கு வேற வளை அமைச்சுக் கொடுத்து கிளப்ப வேண்டியிருந்துச்சாம். சித்தப்பா நம்பல, ஃபோன்ல படம் காட்டினப்புறம்தான் நம்பினாரு.

பஸ்ஸுல அவருகிட்ட எங்க வாட்டர் போர்டு பத்திச் சொன்னேன். இந்த நாட்டுல ஆத்துக்கும் கால்வாய்க்கும்னே தனி நிர்வாகம், வாட்டர்ஸ்காப்னு பேரு, ரொம்பப் பழைய அமைப்பு. எங்க ஏரியாவுக்கு டொம்மல் வாட்டர் போர்டு, வருஷா வருஷம் தனியா வரி பில் வரும், நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல், குடியுரிமை இல்லாத என்னை மாதிரி ஆளுங்களும் ஓட்டு போடலாம். சித்தப்பா அப்படியே திரும்பி உக்காந்துட்டாரு. "ஆத்துக்கு எலெக்‌ஷனா? கட்சி எல்லாம் நிக்குமா? மதகு திறக்குறவன் யாரு, எலெக்‌ஷன்ல ஜெயிச்சவனா எஞ்சினியரா?" வழியில பாக்ஸ்டல்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச கேள்வி ஐந்தோவன் வந்தும் முடியல. வீட்டுக்கு வந்ததும் என் வரி பில்லை வாங்கி கண்ணாடி போட்டுக்கிட்டு வரிவரியா பாத்துட்டு, கூகுள்ல மொழிபெயர்க்கச் சொன்னாரு.

போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு: ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் படகு, லீவு நாள்னா முன்னாடியே டிக்கெட் எடுத்துடுங்க. திங்கக்கிழமை காலைல படகு இல்ல. உயரமான ஆளுங்க பின்னாடி உக்காராதீங்க, குனியச் சொல்றது அங்க கேக்க லேட் ஆகும். தொப்பி போட்டா கையில பிடிச்சுக்கோங்க. பாஸ்ஸ ப்ரூக்குக்கு பழைய ஷூ போதும்.

சித்தப்பாவுக்கு அடுத்த வாரம் பாக்ஸ்டல் போகணுமாம். அங்கதான் வாட்டர் போர்டு ஆஃபீஸ்.